மறுநடவு எப்போது என்று கேளுங்கள்

கேள்வி: வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் ஓட்டுகிறேன். வயது 57. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் 210,000 ரிங்கிட் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் பொறியாளராக வேலை செய்யும் என் மருமகன், அமெரிக்காவில் உள்ள ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கை வாங்கச் சொல்கிறார். "மாமா, அதற்குத் தொழிற்சாலையே கிடையாது. உலகத்தில் எந்த மூலையில் கைப்பேசி விற்றாலும் காப்புரிமைக் கட்டணம் அதற்குப் போகும்" என்கிறார். போன ஆண்டு அதன் வருமானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கிறதாம். 80,000 ரிங்கிட் எடுத்துப் போட்டால், வரும் ஈவுத்தொகையை மாதச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் டவுனில் ஒருவர் டெலிகிராம் குழு நடத்துகிறார்; பணத்தை அவர் கணக்கில் போட்டால் தரகுக் கட்டணம் இல்லாமல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மனைவிக்கு இதில் விருப்பமே இல்லை. மருமகன் பேச்சைத் தட்டவும் எனக்கு மனம் வரவில்லை. காப்புரிமைக் கட்டணம் என்றால் என்ன? அதை நம்பிப் பணம் போடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் மருமகன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். பாதி உண்மைக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

நிறுவனத்தின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் அச்சிடவில்லை. பெயரைப் போட்டால், நான் வாங்கச் சொன்னதாகச் சிலரும் விற்கச் சொன்னதாகச் சிலரும் எடுத்துக்கொள்வார்கள். அதன் ஆண்டறிக்கையைப் படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

காப்புரிமையை உங்கள் ஆலையை வைத்தே சொல்கிறேன். குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்கு நீராவி அனுப்புவது உங்கள் பாய்லர்தானே? பாதி நீராவியில் அந்த வேலையை முடிக்கும் ஒரு வால்வை நீங்களே கண்டுபிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைப்படி காப்புரிமை வாங்கிவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உங்கள் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. இங்கே மலேசியாவில் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சொல்வது அது. அமெரிக்காவிலும் அதே 20 ஆண்டுகள்தான். வால்வை நீங்களே வார்த்து விற்க வேண்டியதில்லை. "ஒரு டன் குலைக்கு ஐந்து காசு கொடுங்கள், நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று ஆலைகளிடம் சொல்லலாம். அந்த ஐந்து காசுதான் நீங்கள் கேட்ட காப்புரிமைக் கட்டணம்; உரிமக் கட்டணம் என்றும் சொல்வார்கள். நீங்கள் வீட்டில் படுத்திருந்தாலும் வந்துகொண்டிருக்கும். உங்கள் மருமகன் பார்த்தது இந்தப் பக்கத்தை.

இனி மறுபக்கம். பாகான் செராயில் ஓர் ஆலைக்காரர் உங்கள் வால்வைப் பொருத்திக்கொண்டு காசு தர மறுக்கிறார். "இது எங்கள் அப்பா காலத்திலேயே இருந்த வால்வு, நீர் என்ன புதிதாகக் கண்டுபிடித்தீர்?" என்கிறார். நீங்கள் அங்கே போய்க் குழாயை மூட முடியாது. வழக்குப் போட வேண்டும். வழக்கு முடியும்வரை அவர் ஒரு காசும் தரமாட்டார். அவர் தரவில்லை என்று கேள்விப்பட்டு அடுத்த ஆலைக்காரரும் கையைக் கட்டிக்கொள்வார். உங்கள் 20 ஆண்டுகள் மட்டும் யாருக்கும் காத்திராமல் கழிந்துகொண்டிருக்கும். கடைசியில், இது கண்டுபிடிப்பே அல்ல, காப்புரிமை செல்லாது என்றும் தீர்ப்பு வரலாம்.

கைப்பேசி உலகத்திலும் இதே கதைதான், தொகை மட்டும் பெரியது. எந்த நிறுவனத்தின் கைப்பேசியும் எந்தக் கோபுரத்தோடும் பேச வேண்டுமானால், எல்லோரும் ஒரே விதிமுறையைப் பின்பற்ற வேண்டும். 4ஜி, 5ஜி என்பவை அந்த விதிமுறைகள். ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அந்த விதிமுறைக்குள் நுழைந்துவிட்டால், அதைத் தொடாமல் யாரும் கைப்பேசி செய்ய முடியாது. அதற்கு ஈடாக அந்த நிறுவனமும் ஒரு வாக்குக் கொடுக்கிறது: நியாயமான கட்டணத்தில், ஆளுக்கொரு நீதி பார்க்காமல், எல்லோருக்கும் உரிமம் தருவேன் என்று. எது நியாயமான கட்டணம் என்பதில்தான் ஊர்பட்ட சண்டை.

சான் டியாகோவில் 1985இல் தொடங்கிய குவால்காம், 5ஜி கைப்பேசிக்கு விலையில் 3.25 விழுக்காடு கேட்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கைப்பேசியானாலும் 400 டாலர் வரைதான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கைப்பேசிக்கு அதிகம் போனால் 13 டாலர். நோக்கியா, 5ஜி கைப்பேசி ஒன்றுக்கு 3 யூரோவுக்கு மேல் கேட்பதில்லை என்று 2018இல் அறிவித்தது. இவையெல்லாம் கேட்கிற விலை. கையில் கிடைப்பது பேரத்தைப் பொறுத்தது. பேரம் படியாவிட்டால் நீதிமன்றம்.

இண்டர்டிஜிட்டல் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1972இல் தொடங்கியது, வருமானம் ஏறக்குறைய முழுவதும் உரிமக் கட்டணம்தான். 2007 முதல் 2023 வரை லெனோவோ விற்ற கைப்பேசிகளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று லண்டனில் வழக்கு நடந்தது. 2023 மார்ச்சில் நீதிபதி 138.7 மில்லியன் டாலர் என்றார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வட்டியோடு சேர்த்து 240.1 மில்லியன் என்றது. அதே காப்புரிமைகள், அதே கைப்பேசிகள். சட்டம் படித்தவர்களே இவ்வளவு தூரம் வேறுபடுகிற இடத்தில், நானும் நீங்களும் உட்கார்ந்து அந்தக் காப்புரிமைகளின் மதிப்பைக் கணிக்கப்போகிறோமா?

வழக்கில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. கணினி நினைவகத் தொழில்நுட்பத்துக்குக் கட்டணம் வாங்கும் ரேம்பஸ், 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி ஒன்றிடம் தோற்றது. அதன் பங்கு அன்று ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. காலையில் 80,000 ரிங்கிட் வைத்திருந்தவரிடம் இரவில் 40,000கூட இல்லை. விர்னெட்எக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் 2020இல் ஆப்பிளுக்கு எதிராக 500 மில்லியன் டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புப் பெற்றது. 2023இல் மேல்முறையீட்டில் காப்புரிமைகளே செல்லாது என்றாகி, அந்தத் தீர்ப்பும் போய்விட்டது. வழக்கில் வென்றாயிற்று என்ற செய்தியைப் பார்த்துப் பங்கு வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

வலுவான நிறுவனத்துக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. 2017 ஜனவரியில் ஆப்பிள் குவால்காம்மீது வழக்குப் போட்டது. ஐபோன் செய்துகொடுக்கும் ஒப்பந்தத் தொழிற்சாலைகள் கட்டணத்தை நிறுத்திவிட்டன. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பின் 2019 ஏப்ரல் 16 அன்று, நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிய வேளையில் சமரசம் ஆனது. அன்றைக்கு மட்டும் பங்கு விலை 23 விழுக்காடு ஏறியது. அந்தக் காலாண்டில் அந்தச் சமரசத்தால் மட்டும் 4.7 பில்லியன் டாலர் வருமானம் கணக்கில் ஏறியது. பொறுமையாக இருந்தவருக்கு நல்ல அறுவடை. ஆனால் 2018இல் வீட்டுச் செலவுக்குப் பங்கை விற்க வேண்டிய நிலையில் இருந்தவருக்கு, 2019 ஏப்ரல் வந்து என்ன பயன்? நீங்கள் அந்த இரண்டாமவர், ஐயா. மாதச் செலவுக்கு என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது அந்த "இரண்டு மடங்கு" விவகாரம். சண்டை முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தானதும், தரவேண்டியவர் பல ஆண்டுப் பாக்கியை மொத்தமாகத் தருவார். கணக்கு விதிப்படி அது பெரும்பாலும் அந்த ஒரே ஆண்டின் வருமானமாக எழுதப்படும். அடுத்த ஆண்டு அது வராது. சம்பளத் தகராறு தீர்ந்து, மூன்று ஆண்டுப் பாக்கிச் சம்பளம் ஒரே மாதத்தில் கைக்கு வந்தால், அந்த மாதச் சீட்டைக் காட்டி "என் மாதச் சம்பளம் இவ்வளவு" என்று யாரிடமாவது சொல்வீர்களா? மருமகன் சொன்ன இரண்டு மடங்கும் அப்படிப்பட்ட ஒரு மாதச் சீட்டுத்தான். நீங்கள் குறிப்பிட்ட நிறுவனத்தின் அறிக்கையிலேயே கடந்தகால விற்பனைக்கான வருமானம் தனி வரியாகவும், தொடர்ந்து வரும் வருமானம் தனி வரியாகவும் போடப்பட்டிருக்கின்றன. இரண்டாவது வரியை மட்டும் எடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றம் இருக்கிறது, ஆனால் இரண்டு மடங்கு இல்லை.

அதே அறிக்கையில் பார்க்க வேண்டியது இன்னொன்று: மொத்தக் கட்டணத்தில் பாதியைத் தருபவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது. ஆப்பிளுக்கும் குவால்காமுக்கும் இடையிலான உரிமம் 2027 மார்ச் வரை. இண்டர்டிஜிட்டலோடு ஆப்பிள் 2022இல் போட்டது ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஒவ்வொரு முடிவுத் தேதிக்கு முன்னும் பின்னும் பேரமோ வழக்கோ வரலாம். நோக்கியாவுக்கும் ஓப்போவுக்கும் இடையே அப்படித்தான் ஆனது. பழைய உரிமம் முடிந்து, சண்டை மூண்டு, ஜெர்மனியில் ஓப்போ தன் விற்பனையையே நிறுத்தி, 2024 ஜனவரியில்தான் சமாதானம் ஆனது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, நம் ஊர்க்காரர் எவருக்கும் விளக்கவே தேவையில்லாத ஒன்று. மறுநடவு. 25 ஆண்டு ஆன செம்பனைக்குக் கீழே நின்று, போன மாதம் எத்தனை டன் குலை வந்தது என்ற கணக்கை மட்டும் காட்டி ஒருவர் தோட்டத்தை விற்க வந்தால் நீங்கள் வாங்குவீர்களா? மரத்தை அண்ணாந்து பார்ப்பீர்கள். எத்தனை ஏக்கர் மறுநடவு செய்திருக்கிறார்கள், கன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பீர்கள். காப்புரிமையும் மரம்தான், 20 ஆண்டில் பட்டுப்போகும். 3ஜி காலத்தில் நட்டவை சாய்ந்துகொண்டிருக்கின்றன. 5ஜியில் நட்டவை காய்க்கின்றன. 6ஜிக்கு இப்போதே நாற்றங்கால் போடாத நிறுவனம், இன்றைக்கு எவ்வளவு காய்த்தாலும் கிழட்டுத் தோட்டம். வருமானத்தில் எத்தனை விழுக்காடு ஆராய்ச்சிக்குப் போகிறது, எத்தனை விழுக்காடு வழக்கறிஞர்களுக்குப் போகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது சுருங்கி இரண்டாவது வளர்ந்துகொண்டே போனால் அங்கே நடவு நின்றுவிட்டது. வசூல் மட்டும் நடக்கிறது. மருமகன் சொன்ன நிறுவனம் இந்தச் சோதனையில் தேறுகிறது. அதனால்தான் அவர் தேர்வை நான் மட்டமாகப் பேசவில்லை.

நிறுவனம் சரி. போட நினைக்கும் பணம்தான் சரியில்லை.

கணக்குப் போடுவோம். ஈவுத்தொகை ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை நிறுவனங்களில் சில ஒன்றுமே தருவதில்லை. 80,000 ரிங்கிட்டுக்கு 1,600 வரும். அமெரிக்காவோடு மலேசியாவுக்கு விரிவான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்க அரசு 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். மிச்சம் 1,120. மாதத்துக்கு 93 ரிங்கிட். அதே 80,000 இபிஎஃப்பில் இருந்தபோது 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு ஈவு கிடைத்தது. அதாவது 5,040 ரிங்கிட், மாதத்துக்கு 420. அதற்கு முந்திய ஆண்டு 5.50 விழுக்காடு. எவ்வளவு மோசமான ஆண்டிலும் 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது சட்டம். அந்த அடிமட்டமேகூட மாதம் 166 ரிங்கிட் ஆகிறது. பங்கு விலை ஏறி லாபம் வரலாம் என்று மருமகன் சொல்வார். வரலாம். ஆனால் விலை ஏற்றத்தைக் கொண்டு அரிசி வாங்க வேண்டுமானால் பங்கை விற்க வேண்டும். விற்கிற நாளில் விலை எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

டாலரும் ஒரு பக்கம் ஆட்டம் காட்டும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. செப்டம்பர் இறுதியில் 4.12 அருகே வந்துவிட்டது. பிப்ரவரியில் 80,000 ரிங்கிட்டை மாற்றியவருக்கு, பங்கு விலை ஒரு சென்ட்கூட அசையாமல் இருந்தாலும் செப்டம்பரில் 68,700தான். எதிர்ப்பக்கமாகவும் இது நடக்கும் என்பது உண்மை. 30 வயதில் இது வேடிக்கை, 57இல் அல்ல.

இந்த வயதுக் கணக்கை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எண்பதுகளில் என் அப்பா, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கினார். பெயர் வேண்டாம். அந்தப் பங்குச் சான்றிதழ் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பல ஆண்டுகள் இருந்தது. சங்கிலி திரும்பி வரவில்லை. அப்பாவை ஏமாளி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லோரும் போட்டார்கள், சொன்னவர்கள் பெரியவர்கள், அவரும் போட்டார். இருந்ததையெல்லாம் ஒரே இடத்தில் போட்டதுதான் தப்பு. அதே தோட்டத்து மக்கள் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் வேறொரு வழியில் முதலீடு செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், உங்கள் ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சம்பளத்திலிருந்து மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது அந்தப் பணத்தில்தான். தவணையில் போனதால் யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். ஓய்வு வயதான 60க்கு இன்னும் மூன்று ஆண்டுகள் சம்பளம் வரும். அதில் மாதம் 200 ரிங்கிட் ஒதுக்க முடிந்தால் மூன்று ஆண்டில் 7,200 ஆகும். முழுவதும் போனாலும் உங்கள் சேமிப்பில் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. மாதாமாதம் வாங்கினால் தரகுக் கட்டணமே தின்றுவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வாங்குங்கள். அப்போதும் அந்த ஒரே பங்குதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பல தொழில்நுட்ப நிறுவனங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நிதியை வாங்கினால், ஒரு ஜூரியின் முடிவு உங்கள் தூக்கத்தைக் கெடுக்காது.

அடுத்து, டெலிகிராம் குழுக்காரர். இதில் எனக்கு இருபக்க நியாயம் எதுவும் இல்லை. பாய்லர் ஓட்ட உங்களிடம் சான்றிதழ் கேட்கிறார்களா இல்லையா? அது இல்லாத ஒருவரைப் பாய்லர் அறைக்குள் நுழையவிடுவீர்களா? அடுத்தவருக்குப் பங்கு வாங்கிக் கொடுப்பதற்கும் இந்த நாட்டில் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள எவரும் உங்கள் பணத்தைத் தன் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்லமாட்டார். ஆணையத்தின் இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் அவர் பெயர் இல்லை என்பதால் மட்டும் அவர் நல்லவர் ஆகிவிடமாட்டார். உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். வாங்குவதென்றால் உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி வாங்குங்கள். ஈப்போவுக்கு ஒரு நடை போய்வந்தால் முடியும் வேலை.

மருமகனிடம் எப்படிச் சொல்வது? அவரைத் தட்டிப் பேச வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும்போது ஆண்டறிக்கையை எடுத்துவரச் சொல்லுங்கள். "மாப்பிள்ளை, பாக்கி வசூலை நீக்கிவிட்டு ஐந்து ஆண்டு வருமானத்தை எழுதிக் காட்டுங்கள், பெரிய ஒப்பந்தங்கள் எந்த ஆண்டு முடிகின்றன என்று சொல்லுங்கள், மறுநடவு எவ்வளவு?" என்று கேளுங்கள். பொறியாளர், ஆர்வமாகத்தான் உட்காருவார். அவர் வயதுக்கு அந்தப் பங்கு பொருந்தவும் செய்யலாம். விழுந்தால் எழுந்து நிற்க அவருக்கு முப்பது ஆண்டுச் சம்பளம் பாக்கி இருக்கிறது. அந்தப் பேச்சு நடக்கும்போது உங்கள் மனைவியும் கூடத்தில் இருக்கட்டும், சமையலறையில் அல்ல. இந்தக் கணக்கில் முதலில் சரியாக இருந்தவர் அவர்தான்.

இன்னொரு வேலை, இதற்குச் செலவே இல்லை. உங்கள் இபிஎஃப் கணக்கில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாயாரின் பெயரைக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்தவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு மனைவியோடு ஈப்போ கிளைக்குப் போய்வாருங்கள்.